சூப்பைக் குறைசொல்ல ஆள் இருந்த சமையலறை

இமர்மியுத் கிராமப் பள்ளியின் சமையலறைப் பொறுப்பிலிருந்து இன்று ஓய்வு பெறும் பெலாகியா கன்ரிலாக் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து படைக்கும் மடல்

பெரிங் கடலின் பேய்க்காற்று பலகைப் பாதையைப் பெயர்த்தெறிந்த நாட்களிலும் காலை உலை ஏற்றத் தவறாத கடமைக் கரங்களுக்கு உரியவரே! ஹெர்ரிங் கருவாட்டின் வாசத்தையும் புதுரொட்டியின் வாசத்தையும் ஒரே கூரையின் கீழ் ஒற்றுமையாய் வாழவைத்த வித்தகியே! பசித்து வந்த பிள்ளைக்கு ஏன் என்று கேட்காமல் பரிமாறி, பாதித் தட்டோடு எழுந்த பிள்ளையை ஏன் என்று கேட்காமல் விடாத பெரிய மனமே! எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் ஒருங்கே உரிய பெலாகியா அக்கா அவர்களே!

வணக்கம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே இரண்டு சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் பின்னால் தங்களை உட்காரவைத்திருக்கிறோம். பிறர் பரிமாறத் தாங்கள் உட்கார்ந்திருப்பதை இந்தக் கூடம் இன்றுதான் பார்க்கிறது. தாங்கள் இரண்டு முறையாவது எழப் பார்ப்பீர்கள், தங்கள் கணவர் மேலங்கியைப் பிடித்து உட்காரவைப்பார் என்பது இதை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். தயவுசெய்து உட்காருங்கள். அடுப்பில் இருப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் இந்தச் சமையலறைக்குள் காலெடுத்து வைத்தபோது அங்கே இருந்தவை டின் சோளமும் டின் பீன்ஸும், பெட்டிபெட்டியாக விமானத்தில் வந்து உறைந்து கிடந்த கோழித்துண்டுகளும்தான். அவற்றைத் தாங்கள் ஒருநாளும் இகழ்ந்ததில்லை. இருப்பதை வைத்துச் சமைத்தீர்கள். இல்லாததை ஊருக்குச் சொல்லி அனுப்பினீர்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து மீன் வந்தது, அந்தப் பக்கமிருந்து மூஸ் மான் இறைச்சியும் கடல்நாய் இறைச்சியும் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் மீன் சூப்பு என்று ஆயிற்று. இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் துந்திராவில் பறித்துவந்த பெர்ரிப் பழத்தைக் கொழுப்போடு அடித்து அகுடாக் செய்து கொடுத்தீர்கள். வெளியூரிலிருந்து கூடைப்பந்து ஆட வந்த அணிகள் ஆட்டத்தை மறந்தாலும் அந்த அகுடாக்கை மறந்ததில்லை. தோற்றுப்போன அணிக்குத் தாங்கள் ஒரு கரண்டி கூடப் போடுவதை நம் பிள்ளைகள் கவனித்து, ஒருமுறை வேண்டுமென்றே தோற்றார்கள் என்றொரு பேச்சும் உண்டு. அதை இங்கே விசாரிக்கவில்லை.

தங்கள் புகழை இப்படியே பாடிக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு பெயரைச் சொல்லாமல் தங்கள் பணிக்காலத்தைச் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்கு உரியவர் இப்போது கொதிகலன் அறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, தமக்கும் இந்த விழாவுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கோல்கா எவான் தங்களுக்கு மாமன் மகன். இந்தப் பள்ளியைப் பெருக்குவதும் துடைப்பதும் கொதிகலனைக் காப்பதும் அவர். முறைக்காரர்கள் ஒருவரையொருவர் கேலி செய்வது நம்மூரில் உரிமை, செய்யாவிட்டால்தான் குற்றம். அந்த உரிமையைத் தாங்கள் இருவரும் ஒரு மதிய உணவு வேளைகூட வீணாக்கியதில்லை. தங்கள் சூப்பைப் படகு ஓட்டை அடைக்கப் பயன்படுத்தலாம் என்றார் அவர். ஒட்டுகிற அளவுக்கு அவர் படகில் பலகை மிச்சம் இருக்கிறதா என்று தாங்கள் கேட்டீர்கள். அவர் வேட்டைக்குக் கிளம்பினால் வாத்துகள் இளைப்பாறவே அந்தப் பக்கம் வருமாம். தங்கள் ரொட்டியைக் கண்டால் நாய்கள் வாலைச் சுருட்டுமாம். இவற்றைக் கேட்டுக்கொண்டேதான் ஒரு தலைமுறை இங்கே சாப்பிட்டு வளர்ந்தது.

அந்தக் கேலியில் வேலையும் நடந்தது. ஒரு ஜனவரியில் கோல்கா கவனிக்காமல் விட்டதால் கொதிகலன் அணைந்து, பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே வீடு திரும்பினார்கள். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. ஒரு மனிதனை முகத்துக்கு நேராகக் கண்டிப்பது நம் வழக்கமில்லை. மறுநாள் நிறைந்த கூடத்தில் தாங்கள் எழுந்து நின்று, மின்சாரம் செலவில்லாமல் மீனை உறையவைத்துக் கொடுத்ததற்காகக் கோல்காவுக்கு நன்றி சொன்னீர்கள். அவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அதன்பின் அந்தக் கொதிகலன் அணைந்ததே இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். ஈஸ்டர் கழிந்து தாங்கள் ஓய்வு பெறப்போவதாக அறிவித்த நாளிலிருந்து கோல்கா தங்களை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. சூப்பைக் குடிக்கிறார், கிண்ணத்தைக் கழுவி வைக்கிறார், போய்விடுகிறார். தாங்கள் இரண்டு முறை அவர் படகைப் பற்றிப் பேச்செடுத்தும் அவர் பிடிகொடுக்கவில்லை. கோபமா வருத்தமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்படியே இந்த விழா முடிந்து தாங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவீர்களோ என்ற கவலையோடுதான் இந்த மடலை எழுதத் தொடங்கினோம். ஏனென்றால் தங்கள் இருவருக்கும் இடையே கேலி நின்றால் என்னவாகும் என்பதை இந்த ஊர் ஒருமுறை பார்த்திருக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்டில் டேரில் ஹென்ஷா அவர்கள் தலைமை ஆசிரியராக வந்து இறங்கினார். நல்ல மனிதர், நேரம் தவறாதவர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். வந்த முதல் வாரத்திலேயே சாப்பாட்டு வரிசையில் தாங்கள் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டார். இரண்டு பணியாளர்கள் பிள்ளைகள் முன்னால் ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதாக அவருக்குப் பட்டது. இருவரையும் அறைக்கு அழைத்து, உட்காரவைத்து, காபி கொடுத்து, இனி பள்ளியில் மரியாதையாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று மென்மையாகச் சொன்னார். தாங்கள் இருவரும் புருவத்தை உயர்த்தினீர்கள். அது சம்மதம் என்பதை மட்டும் அவர் அதற்குள் கற்றிருந்தார்.

அவர் நினைத்தது தவறு என்று தாங்கள் சொல்லியிருக்கலாம். புதிதாக வந்தவரை அவர் அறையிலேயே வெட்கப்படுத்த இருவருக்கும் மனம் வரவில்லை. எங்களுக்கும் வரவில்லை. நம்மூரில் ஒருவரைத் திருத்துவது அவருடைய முறைக்காரரின் வேலை; பாவம், அவருக்கு இங்கே முறைக்காரர் யாருமில்லை.

ஆகவே கேலி நின்றது. நன்றி என்றார் கோல்கா. நல்லது என்றீர்கள் தாங்கள். வரிசையில் நின்ற பிள்ளைகள் பயந்துபோனார்கள். அன்று மாலைக்குள் செய்தி ஓடையின் இரு கரைக்கும் போய்விட்டது: பெலாகியாவும் கோல்காவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், ஏதோ பெரிய சண்டை.

சண்டை ஒன்றுமில்லை என்று தாங்கள் தங்கள் அக்காவிடம் சொன்னீர்கள். கோல்காவும் தம் மனைவியிடம் சொன்னார். சண்டை போட்டவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள் என்று இரு வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். எதற்குச் சண்டை என்பதை ஊர் தானே கண்டுபிடித்தது. வலை விரிக்கும் இடம் என்றார்கள் சிலர். பழைய பனிவண்டி என்றார்கள் சிலர். தங்கள் அக்காவும் கோல்காவின் மனைவியும் வருடக்கணக்காக ஒன்றாகப் போன நீராவிக் குளியலுக்குத் தனித்தனி நாட்களில் போகத் தொடங்கினார்கள். ஓடைக்கு அப்பால் இருப்பவர்கள் எல்லாம் கோல்காவின் சொந்தம். செப்டம்பரில் அவருடைய தம்பி பிள்ளைகள் கொன்றுவந்த மூஸ், பள்ளிச் சமையலறைக்கு வரவில்லை. அதன்பின் கடல்நாய் இறைச்சியும் எண்ணெயும் வரவில்லை. அக்டோபரில் அந்தக் கரைப் பிள்ளைகள் பையில் காய்ந்த பிஸ்கட் கொண்டுவந்து, தாங்கள் பரிமாறிய தட்டைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்தார்கள். வீட்டில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பெரியவர்களைப் பார்த்து அவர்களாகவே செய்தார்கள்.

அந்தத் தட்டுகளைத் தாங்கள்தான் திரும்ப எடுத்தீர்கள். பிள்ளைகள் சாப்பிடாத சமையலறையில் எனக்கு என்ன வேலை, கிறிஸ்துமஸோடு நின்றுவிடுகிறேன் என்று தாங்கள் கணவரிடம் சொன்னதை அவர் எங்களில் ஒருவரிடம் சொல்லிப் புலம்பினார். எங்களில் ஒருவர் என்றால் அனைவரும் என்று பொருள். ஆனாலும் நாங்கள் யாரும் ஹென்ஷா அவர்களிடம் போகவில்லை. அவர் மட்டும் பள்ளியில் அமைதி நிலவுவதாக மகிழ்ந்துகொண்டிருந்தார்.

நவம்பரில் ஓடை உறைவதற்கு முன் அந்தப் புயல் வந்தது. கடல் ஏறி வந்து வீடுகளின் அடியில் புகுந்தது. எண்ணெய்ப் பீப்பாய்கள் மிதந்தன. பலகைப் பாதை துண்டுதுண்டாக ஓடையில் போயிற்று. உயரமான தூண்களின் மேல் நிற்பது பள்ளி ஒன்றுதான் என்பதால், ஊர் முழுவதும் போர்வையும் பிள்ளைகளுமாக இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் உட்கார்ந்த விதத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் கரையார் மேடைப் பக்கச் சுவரோடு. அந்தக் கரையார் எதிர்ச் சுவரோடு. நடுவில் கூடைப்பந்துக் கோடுகள் மட்டும்.

சமையலறையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. தங்கள் கணவர் படகைத் தள்ளிக்கொண்டு போய், தங்கள் வீட்டில் சேர்த்துவைத்த வாத்து இறைச்சியையும் கருவாட்டையும் எண்ணெய் வாளியையும் தண்ணீரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்தார். குளிர்காலம் முழுமைக்கும் தங்கள் குடும்பத்துக்கு என்று இருந்தது அது. அதை அன்றே பெரிய அண்டாவில் போட்டுச் சூப்பு வைத்தீர்கள். நடுப்பகலில் சாப்பாடு தயார் என்று குரல் கொடுத்தீர்கள். மேடைப் பக்கத்தார் எழுந்தார்கள். எதிர்ப் பக்கத்தார் எழவில்லை. அவர்களுக்குக் கோபம் இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. சண்டைக்காரர் வீட்டு உணவுக்கு முதல் ஆளாக எப்படிப் போய் நிற்பது என்ற கூச்சம். பிள்ளைகள் பிஸ்கட்டைக் கடித்தபடி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல்கா கொதிகலன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

அப்போது தாங்கள் செய்ததைப் பாராட்டவே இந்த மடல். மற்றவை எல்லாம் அதற்கு முன்னுரை.

முதல் கிண்ணத்தைத் தாங்கள் வரிசையில் நின்றவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அதை ஒரு கையிலும் ஒரு குவளைத் தண்ணீரை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே வந்தீர்கள். போர்வைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஹென்ஷா அவர்கள் முன் போய் நின்றீர்கள். குவளையில் விரலை நனைத்து அவர் தலையில் தெளித்தீர்கள். பிறகு ஊர் கேட்கச் சொன்னீர்கள்:

“அண்ணா, வந்துட்டியா. அங்கையாக், உக்காந்து சாப்பிடு.”

இறந்தவரின் பெயரை நீர் தெளித்து ஒருவருக்குக் கொடுத்தால், இறந்தவரே அவரில் திரும்பி வந்ததாகக் கொண்டு அதே முறை சொல்லி அழைப்பது நம் வழக்கம். அங்கையாக் தங்கள் அண்ணன். இறந்து இரண்டு ஆண்டு ஆகியும் அந்தப் பெயர் இன்னும் யாருக்கும் திரும்பி வரவில்லை. வசந்தத்தில் பிறக்கவிருந்த தங்கள் மகளின் குழந்தைக்கே முதலில் போகும் என்று ஊர் முழுவதும் எதிர்பார்த்திருந்தது. அதைத் தாங்கள் அன்று அவருக்குக் கொடுத்தீர்கள். தங்கள் அண்ணன் என்றால் அவர் கோல்காவுக்கு மச்சான். ஊரில் முறைக்காரர் இல்லாத ஒரே மனிதருக்கு அந்த நொடியில் ஒரு முறைக்காரர் கிடைத்தார்.

ஹென்ஷா அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. ஆனால் ஏதோ பெரியது கையில் தரப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. இரு கைகளாலும் கிண்ணத்தை வாங்கி, தரையில் உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தார். அதற்காக அவரை அன்றைக்கே மன்னித்துவிட்டோம் என்பதை இந்த மேடையில் அவருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம்.

கொதிகலன் அறைக் கதவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹென்ஷாவுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே வந்தது.

“செத்துப் போயும் அங்கையாக்தான் சாப்பாட்டு வரிசையில முதல் ஆளு.”

முதலில் எதிர்ச் சுவரோரம் வயதானவர் ஒருவர் சிரித்தார். அங்கையாக்கை அறிந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள். கோல்கா கையைத் துடைத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி வந்து, ஹென்ஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

“மச்சான், நீ போனதுலருந்து உன் தங்கச்சி சூப்பு ரொம்பக் கெட்டுப்போச்சு. உள்ளதைச் சொன்னா, இந்த ஸ்கூல்ல யாரோ ஒரு பெரிய மனுஷன் வாயை மூடச் சொல்றாரு. எங்கயாவது அவரைப் பார்த்தா நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு.”

இரு சுவரோரத்திலும் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். மூன்று மாதம் ஊர் எதை நம்பியிருந்ததோ அது ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஹென்ஷா அவர்களின் காது சிவந்தது. கிண்ணத்தைப் பார்த்தார், கோல்காவைப் பார்த்தார், தங்களைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் ஒரு முட்டாள் என்று தாம் கேள்விப்பட்டிருப்பதாகவும், சூப்பில் என்ன குறை என்று விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் மெல்லச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் ஆகும், எப்படியும் தண்ணீர் வடிய அவ்வளவு நாள் ஆகும் என்றார் கோல்கா. தாங்கள் அதற்குள் அண்டாவுக்குத் திரும்பியிருந்தீர்கள். அங்கிருந்தே சொன்னீர்கள்:

“அவனுக்குக் கிண்ணம் குடுக்காதீங்க. அடிப்பிடிச்ச சட்டியைக் குடுங்க. நக்கிட்டான்னா கழுவற வேலை மிச்சம்.”

எதிர்ச் சுவரோரம் முதலில் பிள்ளைகள் எழுந்தார்கள். பிறகு கோல்காவின் மனைவி எழுந்து, வரிசைக்குப் போகாமல் நேராகச் சமையலறைக்குள் வந்து, தங்கள் அக்காவின் பக்கத்தில் நின்று ரொட்டி வெட்டினார். அண்டா காலியானது. தங்கள் வீட்டுக் குளிர்கால உணவு தீர்ந்தது. ஓடை உறைந்ததும் அந்தக் கரையிலிருந்து முதல் பனிவண்டி தங்கள் வாசலுக்குத்தான் வந்தது. ஏற்றிவந்த இறைச்சியை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வசந்தத்தில் பிறந்த தங்கள் பேரனுக்கும் அதே பெயர் வைத்தீர்கள். ஒரு பெயர் இருவரிடம் இருப்பதில் நமக்குத் தடையில்லை. இரண்டு ஆண்டில் போய்விடுவதாக இருந்த ஹென்ஷா அவர்கள் ஆறு ஆண்டாக இங்கேயே இருக்கிறார். இப்போது அவர் தவறினால் நாங்கள் பதறுவதில்லை. வாத்து வேட்டை தொடங்கும் வாரத்தில் அவர் பெற்றோர் கூட்டம் வைத்தபோது, வாத்துகளுக்கும் அழைப்பு அனுப்பியாகிவிட்டதா மச்சான் என்று கோல்கா கேட்டார். கூட்டம் தள்ளிப்போனது. இந்த ஏற்பாடு அனைத்தும் தங்கள் ஒரு கிண்ணச் சூப்பில் கிடைத்தது.

அன்னமிட்டு எங்களை ஆளாக்கியவரே! சமையலறைத் தரையில் நின்று நின்று வலி கண்ட தங்கள் முழங்கால்கள் இனி நீராவியின் சூட்டில் இளகட்டும். ஆகஸ்டில் பள்ளி மணிக்காக அல்ல, பெர்ரிப் பழம் கனிந்த சேதிக்காகத் தாங்கள் விழித்தெழுங்கள். தங்கள் வலை கனக்கட்டும், கருவாட்டுப் பந்தலில் மழை படாதிருக்கட்டும். பேரன் அங்கையாக் பிடிக்கப்போகும் முதல் கடல்நாயை ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் நாளில், நம் வழக்கப்படி தாங்களே முன்னின்று கூடியிருப்போருக்குப் பரிசுகளை வீசும் உடல் வலிமையோடு நெடுநாள் வாழ்க என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். இத்துடன் அளிக்கும் பூப்போட்ட மேலங்கியைக் கோல்காவின் மனைவியும் தங்கள் அக்காவும் ஒரே மேசையில் உட்கார்ந்து தைத்தார்கள். பெர்ரி பறிக்க உதவும் என்று அதன் பைகளைப் பெரிதாக வைக்கச் சொன்னது நாங்கள்.

இங்ஙனம்,
தங்கள் கைச்சோறு உண்ட
இமர்மியுத் பள்ளி ஆசிரியர்கள், உதவியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள்,
டேரில் அங்கையாக் ஹென்ஷா, தலைமை ஆசிரியர்

மடல் இந்த இடத்தில் முடிந்திருந்தது. நேற்று இதைக் கையெழுத்துக்காகக் கொதிகலன் அறைக்கு எடுத்துப்போனபோது, கோல்கா முழுவதையும் படித்தார். இதில் எல்லாம் புகழ்ச்சியாகவே இருக்கிறது, இதற்குத் தாம் கையெழுத்துப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாசல் வரை வந்த பிறகு எங்களைக் கூப்பிட்டார். தாம் சொல்வதைச் சொன்னபடியே எழுதினால் அதன் கீழே மட்டும் கையெழுத்திடுவதாகவும், மடலை மாட்டும் கண்ணாடிச் சட்டத்தில் இடம் போதாவிட்டால் எங்கள் வாழ்த்தைச் சுருக்கிக்கொள்ளும்படியும் சொன்னார். அவர் சொன்னது இது:

“ஆகஸ்ட்ல வரப்போற புதுப் பொண்ணு நல்லாச் சமைக்குமாம். நல்ல சூப்பை வச்சுக்கிட்டு நான் என்னத்தைப் பேசறது? மத்தியானம் உன் வீட்டுக்கு வந்துடறேன், பெலாகியா. ருசியா எதையும் செஞ்சு வச்சிடாத.”

கோல்கா எவான்